ஷீலா வாபஸ் வாங்காத மனு

எந்தக் கோர்ட் என்று சொல்லப்போவதில்லை. செங்கல்பட்டைச் சுற்றி இருக்கிற கோர்ட்டுகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் காம்பவுண்டுக்குள், சைக்கிள் ஸ்டாண்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே மேஜை போட்டு, தொண்ணூற்று மூன்றிலிருந்து மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். பெயர் வத்சலா. எத்தனையோ வக்கீல்களின் தப்பும் தவறுமான இங்கிலீஷை அவர்களுக்கே தெரியாமல் திருத்திக் கொடுத்திருக்கிறேன். திருத்தியிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கிற அளவுக்குக்கூட அவர்களில் யாருக்கும் இங்கிலீஷ் வரவில்லை.

2009 ஜூன் மாதம் எங்கள் கோர்ட்டுக்கு விமோசனம் வந்தது. வீட்டில் அடிபடுகிற பெண்கள் பாதுகாப்பு உத்தரவு கேட்டுப் போடுகிற மனுவை இனிமேல் காகிதத்தில் வாங்கமாட்டார்கள், இன்டர்நெட் வழியாகத்தான் போட வேண்டும் என்று ஒரு சர்க்குலர். சோதனை முறையாம். இந்த ஒரு கோர்ட்டில், இந்த ஒரு வகை மனுவுக்கு மட்டும். நிலத்தகராறு, வாடகைத் தகராறு, செக் திரும்பி வந்த வழக்கு எல்லாம் பழையபடி காகிதத்திலேயே போகலாம். சோதனை பண்ணிப் பார்க்க அவர்களுக்கு அகப்பட்டவர்கள் உதைபட்ட பெண்கள்தான்.

திறப்பு விழா என்று ஒன்று நடந்தது. சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். "இனி எந்தச் சகோதரியும் கோர்ட் வாசலில் கால்கடுக்க நிற்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்தபடியே மனு தாக்கல் செய்யலாம்" என்று மைக்கில் சொன்னார். எந்த வீட்டிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு உதைக்கிற புருஷன் டீ குடிக்கப் போகிற இடைவேளையில் பெண்டாட்டி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மனு போடுவாள் என்று நினைத்தார்களோ என்னவோ. எல்லோரும் கைதட்டினார்கள். மென்பொருள் செய்துகொடுத்த கம்பெனியிலிருந்து கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர் சிறுசேரியிலிருந்து வந்திருந்தார்கள். கோர்ட் ஹாலுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், போண்டா தின்றுவிட்டு, வந்த காரிலேயே திரும்பிப் போனார்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு உதவ 'அங்கீகரிக்கப்பட்ட பதிவாளர்' என்று என்னை நியமித்தார்கள். கம்ப்யூட்டர் நான் வாங்க வேண்டும். ஒயர் அவர்கள் இழுத்துத் தருவார்கள். எனக்கும் ஓர் அட்டை கொடுத்தார்கள், போட்டோ ஒட்டி, சீல் வைத்து. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நானும் ஒரு மாதம் மிதப்பாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அதை மறைப்பானேன்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை ஷீலா வந்தாள்.

இருபத்தெட்டு வயது இருக்கும். இடது மணிக்கட்டு வீங்கி, பழைய தாவணித் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. வலது கையில் ஏழு வயசுப் பெண் குழந்தை. புதுப்பட்டினத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றத்தில் இறங்கி அடுத்த பஸ் மாறி வந்திருக்கிறாள்.

"மனு போடணும். உள்ள கேட்டேன். உன்னாண்ட போவச் சொன்னாங்க" என்றாள்.

"யார் மேல?"

"வூட்டுக்காரன் மேல."

குழந்தையை ஸ்டூலில் உட்காரவைத்தேன். அதன் பெயர் அம்சா. அம்மா பேசியதை எல்லாம் அது நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. புதிதாகக் கேட்கிற முகமாக இல்லை.

ஷீலா சொன்னது இதுதான். அவள் புருஷன் லோகு. இரண்டு பேருக்கும் ஒரே குப்பம். ஷீலாவின் அம்மா சம்பூர்ணம் இன்றைக்கும் கூடை தூக்கிக்கொண்டு கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு மீன் கொண்டுபோகிறவள். லோகு கடலில் இறங்கியதே இல்லை. அவன் அப்பாவின் படகை விற்று, பஜாரில் மூன்று கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் திறந்துவிட்டான். ரயில் டிக்கெட், பரீட்சை ரிசல்ட், வேலைவாய்ப்பு விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அவனிடம்தான் போக வேண்டும். ஊரில் அவனைக் கம்ப்யூட்டர்காரர் என்று கூப்பிட்டார்கள். மூன்று பொட்டிகளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனுக்கு எவ்வளவு கர்வம் வரமுடியும் என்பதற்கு அவன்தான் அளவு. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால்கூட எழுந்திருக்கமாட்டானாம். திரையைப் பார்த்தபடியே, "இன்னா விஷயம்?" என்பானாம்.

ஷீலா பத்தாவது பாஸ். கடையைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை. கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. தொட்டால் கரண்ட் அடிக்கும் என்று கல்யாணமான புதிதில் சொல்லிவைத்திருந்தான். அவள் அதை நம்பவில்லை. நம்பாவிட்டாலும் தொடவில்லை, ஏனென்றால் அடிக்கிறது கரண்ட் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"போன வாரம் கடையில யாரும் இல்ல. பாப்பா அது பேரை அதுல அடிச்சிக் காட்டுன்னு சொல்லிச்சி. ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி அடிச்சேன். மூணாவது எழுத்துல வந்துட்டான்" என்று சொல்லிவிட்டு மணிக்கட்டைக் காட்டினாள். "கைய புடிச்சி முறுக்கினான். பாப்பா எதிர்ல. அப்பால வூட்டப் பூட்டிக்கினு சாவிய எட்த்துகினு போயிட்டான். மூணு நாளா அம்மா வூட்ல கீறோம்."

"இதுக்கு முன்னாடி?"

"முன்னாடியா? எத்த சொல்றது?"

சொன்னாள். நான் அடித்தேன். ஏழு பக்கம் வந்தது. அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, வீட்டை விட்டுத் துரத்தக்கூடாது. மூன்று கோரிக்கை. கடைசிப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் ஒன்று வந்தது. அதை நிரப்பாவிட்டால் மனு நகராது.

"மெயில் ஐடி இருக்கா?"

"பாப்பா ஸ்கூல் பாரத்துல எழுதினது ஒண்ணு கீது" என்று பைக்குள்ளிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துக் கொடுத்தாள். ஷீலா பேரும் லோகு பேரும் ஒட்டினாற்போல ஒரு முகவரி. அதைப் பார்த்து அடித்தேன். மனு போனது. நம்பர் வந்தது. வியாழக்கிழமை விசாரணை என்று ரசீது கொடுத்தேன்.

அந்த மெயிலைத் திறந்து படிப்பது யார் என்று நான் கேட்கவில்லை. பின்னால் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு மேல் நெட் இழுத்துக்கொண்டே இருக்கும். இதெல்லாம் பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். அவள் வாயாலேயே சொல்லியிருக்கிறாள், கம்ப்யூட்டரைத் தொடவிடமாட்டான் என்று. அதைக் காதில் வாங்கி, கையால் அடித்து, நாலாவது பத்தியில் சேர்த்தவளே நான்தான். அடித்ததை நான் படிக்கவில்லை. அவ்வளவுதான்.

மனு போன அடுத்த நிமிஷம் அந்தக் கெட்டிக்கார மென்பொருள் ஒரு மெயில் அனுப்பியது. 'தங்கள் மனு பெறப்பட்டது' என்று. கீழே மனு முழுவதும். அதற்கும் கீழே இரண்டு பட்டன். ஒன்று மனுவைப் பார்க்க. இன்னொன்று மனுவைத் திரும்பப் பெற. ரயில் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுகிற மாதிரி ஒரே அழுத்தில் மனுவைக் கேன்சல் பண்ணலாம் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். அழுத்துவது யார் என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் போதவில்லை போலிருக்கிறது.

லோகு அன்று சாயங்காலம் சம்பூர்ணத்தின் வீட்டு வாசலுக்கு வந்தான். கையில் ஏழு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தான். குரல் உயர்த்தவில்லை, கை ஓங்கவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்து, தன் பெண்டாட்டி கோர்ட்டுக்கு எழுதியதைத் தலைப்பிலிருந்து வாசித்துக் காட்டினான். படுக்கையில் நடந்ததாக அவள் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்ன இரண்டு வரி இருந்தது. அதையும் வாசித்தான். நடுநடுவே நிறுத்தி, "பாரு, துன்புறுத்தலுக்கு எந்த 'ரு' போட்டுகீறா பாரு. இந்த லட்சணத்துல கேஸு" என்று எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டிச் சிரித்தானாம். அந்தப் பிழை என்னுடையது.

கூட்டத்தில் யாரும் அவனை நிறுத்தவில்லை. நாலு பேர் கூடச் சிரித்தார்கள். அவர்களுக்கு அவனிடம் ரேஷன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது.

"படிச்சி முடிச்சிட்டியா? போ" என்று சம்பூர்ணம்தான் சொல்லியிருக்கிறாள்.

"முடிச்சிட்டேன் அத்த. கேஸும் முடிஞ்சிது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதன் அர்த்தம் அப்போது யாருக்கும் புரியவில்லை.

வியாழக்கிழமை ஷீலா ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். புடவையை நன்றாக மடித்துக் கட்டியிருந்தாள். பதினொன்று ஆயிற்று, ஒன்று ஆயிற்று. அவள் பெயரைக் கூப்பிடவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கோர்ட் எழுந்தபோது என்னிடம் வந்து ரசீதை நீட்டினாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு பெஞ்ச் கிளார்க் பார்த்தசாரதியிடம் போனேன்.

பார்த்தசாரதி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருக்கக்கூடக் கொஞ்சம் முயற்சி வேண்டும். நம்பரைத் தட்டிப் பார்த்தார்.

"வாபஸ்" என்றார்.

"என்ன சார் வாபஸ்?"

"மனு வாபஸ் ஆயிடுத்து மேடம். திங்கக்கிழமை பன்னெண்டு பத்துக்கு. மனுதாரரே வாபஸ் வாங்கிண்டிருக்கா."

"நான் வாங்கலை" என்றாள் ஷீலா.

"கம்ப்யூட்டர்ல இருக்கேம்மா."

"பன்னெண்டு பத்துக்கு நான் பஸ்ல கீறேன். திருக்கழுக்குன்றத்தாண்ட."

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதைத்தான் நான் சொல்ல முடியும்."

அப்போதுதான் எனக்கு அந்த ஜெராக்ஸ் தாள் ஞாபகம் வந்தது. "ஷீலா, அந்த மெயில் யார் ஆரம்பிச்சது?" என்று கேட்டேன்.

"அவன்தான்."

"பாஸ்வேர்டு?"

"அப்டின்னா?" என்று கேட்டவள், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். குப்பத்து வாசலில் அவன் வாசித்த காகிதம் அவன் கைக்கு எப்படிப் போனது என்று மூன்று நாளாக அவள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கோர்ட்டில் யாரோ அவனிடம் விற்றுவிட்டார்கள் என்று நினைத்திருந்தாளாம்.

"நீயே அனுப்பிட்டியா?" என்றாள்.



"சரி, புதுசா ஒண்ணு போட்டுடலாமே" என்றார் பார்த்தசாரதி, பெருந்தன்மையாக. நானே அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அதே மனுதாரர், அதே எதிர்மனுதாரர், ஏற்கெனவே வாபஸ் வாங்கப்பட்டது, தொண்ணூறு நாள் கழித்து முயற்சிக்கவும் என்று வந்தது.

"அப்ப காகிதத்துல குடுக்கறோம்."

"சர்க்குலர் இருக்கே மேடம். காகிதம் வாங்கப்படாது."

"தொண்ணூறு நாள் இவ எங்க இருப்பா?"

"அது சர்க்குலர்ல இல்லை" என்றார். கிண்டல் பண்ணுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. நிஜமாகவே சர்க்குலரை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

இந்தக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் உண்டு. எங்கள் மாவட்டத்துக்கு சியாமளா. ஒப்பந்த வேலை. அவ்வளவு பெரிய மாவட்டத்துக்கு அவர் ஒருத்தர், அவருக்கு இன்னோர் இலாகாவின் அறையில் அரை மேஜை. போன் பண்ணினேன். ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாஜிஸ்டிரேட்கிட்ட நான் சொல்றேன். ஆனா வெறும் வாய்வார்த்தையா சொன்னா நிக்காது. அந்த மெயில் ஐடி எப்படி உள்ள வந்ததுன்னு யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்" என்றார்.

யாராவது என்று அவர் சொன்னது மரியாதைக்கு.

நான் ஒரு பக்கம் அடித்தேன். மனுதாரர் மின்னஞ்சலைப் பயன்படுத்தத் தெரியாதவர் என்று தெரிந்திருந்தும், அது யார் கையில் இருக்கிறது என்று கேட்காமல், பதிவாளராகிய நான் அதைப் பதிவு செய்தேன் என்று. கையெழுத்துப் போடும்போது பார்த்தசாரதி பக்கத்தில் வந்து நின்றார். "மேடம், இதைக் குடுத்தேள்னா உங்க அட்டையைப் பிடுங்கிடுவா. யோசிச்சுக்கோங்கோ. சிஸ்டம் கோளாறுன்னு எழுதிடலாமே" என்றார். பதினாறு வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் யோசனை அது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வீரம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஷீலா எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போடாமல் இருக்க அப்போது எனக்குத் தைரியம் போதவில்லை.

மாஜிஸ்டிரேட்டுக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. கம்ப்யூட்டர் என்றாலே அவருக்கு முகம் சுருங்கும். என் காகிதத்தைப் படித்தார், சியாமளா சொன்னதைக் கேட்டார். எதிர்மனுதாரர் திங்கட்கிழமை நேரில் வர வேண்டும் என்று கையாலேயே எழுதி, கான்ஸ்டபிள் வழியாகக் கொடுத்தனுப்பச் சொன்னார்.

லோகு வந்தான். வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தன்னைவிட விஷயம் தெரிந்த வக்கீல் செங்கல்பட்டில் இருப்பதாக அவன் நினைக்கவில்லை. முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, இடுப்பு பெல்ட்டில் செல்போன் உறை. கையில் பிளாஸ்டிக் ஃபைல். கோர்ட் ஹாலுக்குள் நுழைந்ததும் மூலையிலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து, பழைய மாடல் என்று கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டான்.

"உங்க பேரு?"

"லோகநாதன் சார். புதுப்பட்டினத்தில் இன்டர்நெட் சென்டர் வைத்திருக்கிறேன்" என்றான், நியூஸ் வாசிக்கிற தமிழில்.

"உங்க மனைவி உங்க மேல மனு போட்டு, அன்னிக்கே வாபஸ் வாங்கினதா பதிவு இருக்கு. தெரியுமா?"

"தெரியும் சார். அவங்களே மனசு மாறி வாபஸ் வாங்கிட்டாங்க. குடும்பம் என்றால் சின்னச் சின்ன வருத்தங்கள் இருக்கும். அதோட பிரிண்ட் அவுட் கொண்டுவந்திருக்கிறேன்." ஃபைலைத் திறந்தான்.

மாஜிஸ்டிரேட் அதை வாங்கவில்லை. ஷீலாவைப் பார்த்தார். "நீ வாபஸ் வாங்கினியாம்மா?"

"இல்ல சார். எப்டி வாங்கறதுன்னே எனக்குத் தெரியாது."

"மனு மட்டும் போடத் தெரிஞ்சுதா?"

"அந்தம்மா போட்டுக் குட்த்தாங்க" என்று என்னைக் காட்டினாள்.

லோகுவுக்கு அங்கே பொறுக்கவில்லை. பேசாமல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவன் நிற்கிற ஆள் இல்லை. அவள் ஒரு வாக்கியம் பேசி, அதை ஒரு மாஜிஸ்டிரேட் காது கொடுத்துக் கேட்பதை அவனால் பார்க்க முடியவில்லை.

"சார், நான் ஒண்ணு சொல்றேன் சார். இதெல்லாம் தூண்டிவுட்டு நடக்குது சார். இவளா கேஸு போட்டா? இவளுக்கு இன்னா தெரியும்? மவுஸு புடிக்கத் தெரியாது சார் இவளுக்கு." நியூஸ் தமிழ் காணாமல் போயிருந்தது.

"அப்படியா?" என்றார் மாஜிஸ்டிரேட்.

"சத்தியமா சார். கடையப் பெருக்குன்னா ஒயரப் புடுங்கி வெச்சிடுவா. அத்த ஆன் பண்ணச் சொல்லுங்க, எங்க கீது சுவிச்சின்னு தேடுவா."

"மெயில் எல்லாம் பார்க்கமாட்டாங்களா?"

"மெயிலா?" லோகு ஹாலில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான், சேர்ந்து சிரிக்கக் கூப்பிடுகிற மாதிரி. "அவளுக்கு பாஸ்வேர்டே தெரியாது சார்."

"யாருக்குத் தெரியும்?"

"நான்தான சார் கிரியேட் பண்ணேன். ஊர்ல எல்லாருக்கும் நான்தான். எல்லா பாஸ்வேர்டும் என்னாண்டதான் நோட்ல..."

அங்கே நிறுத்தினான். மாஜிஸ்டிரேட் எழுதிக்கொண்டிருந்தார். பேனாச் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க, எழுதிக்கிட்டுதான் இருக்கேன்" என்றார், தலை நிமிராமல்.

லோகு ஃபைலை மூடினான். திறந்தான். "இல்ல சார், அவங்க சொல்லி, நான் அவங்க சார்பா..." என்று ஆரம்பித்தான்.

"நான் சொல்லல" என்றாள் ஷீலா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு அவன்மேல் அப்போது கோபமே வரவில்லை. அருவருப்புதான் வந்தது. மாட்டிக்கொண்டுவிட்டோம் என்பதுகூட அவன் முகத்தில் பெரிதாகத் தெரியவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது என்று நிரூபிக்க வந்த தன்னை அவள் எதிரிலேயே தலைகுனிய வைத்துவிட்டார்களே என்ற ஆத்திரம்தான் தெரிந்தது.

வாபஸ் செல்லாது என்று மாஜிஸ்டிரேட் எழுதினார். வேறொருத்தர் பெயரில் கோர்ட்டை ஏமாற்றியதற்குப் போலீஸ் தனியாக விசாரிக்க வேண்டும் என்றும் எழுதினார். பிறகு பார்த்தசாரதியிடம், "பழைய மனுவைத் திறந்து வைங்க" என்றார்.

பார்த்தசாரதி கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். "வாபஸ் ஆனதைத் திறக்க வழி இல்லை சார். கம்பெனிக்கு எழுதணும். புதுசும் எடுக்கலை."

"அப்ப காகிதத்துல வாங்குங்க."

"சார், சர்க்குலர்ல..."

"சர்க்குலரை நான் பாத்துக்கறேன். நீங்க காகிதத்தைப் பாருங்க."

வெளியே வந்ததும் நான் என் மேஜையை நோக்கி நடந்தேன், அடித்துக் கொடுக்க. ஷீலா என் பின்னால் வரவில்லை. சியாமளாவிடம் நாலு வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு, வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தான் கொண்டுவந்திருந்த பிரம்புக் கூடையின் மூடியை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தாள். இடது கை இன்னும் கட்டில் இருந்ததால் தாள் நகராமல் கூட வந்திருந்த அம்சா பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கம் எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தது. துன்புறுத்தல் என்ற சொல்லே அதில் இல்லை. 'அடிக்கிறான்' என்று எழுதியிருந்தாள். எந்தத் தேதியில், எதனால், எங்கே என்று எழுதியிருந்தாள். படுக்கையில் நடந்ததையும் விடவில்லை. அதைத்தான் ஊருக்கே அவன் வாசித்தாயிற்றே.

மூன்றரைக்கு இடைக்கால உத்தரவு கிடைத்தது. லோகு அவளை அடிக்கவோ மிரட்டவோ கூடாது. வீட்டுச் சாவியை அன்றைக்கே ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டும், வீட்டுப் பக்கம் வரக்கூடாது, மீறினால் கைது. சாவி அவன் பாண்ட் பையில்தான் இருந்தது. சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்ற அவனுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. கான்ஸ்டபிள் காத்திருந்து வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்டு கடைசியில் இன்னொரு சர்க்குலர் வந்தது. மின்னஞ்சல் முகவரி இனிக் கட்டாயமில்லை, மனுவைத் திரும்பப் பெற மனுதாரர் நேரில் வந்து மாஜிஸ்டிரேட் முன் சொல்ல வேண்டும், அவசரத்துக்குக் காகித மனுவும் ஏற்கப்படும். 'பயனாளர்களின் வசதியை முன்னிட்டு' என்று காரணம் போட்டிருந்தார்கள். ஷீலாவின் பெயர் அதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. அதே தபாலில் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. தவறான விவரங்களைப் பதிவு செய்ததற்காக என் அங்கீகாரம் ரத்து, கோர்ட் வளாகத்திலிருந்து மேஜையை எடுத்துவிடவும். அந்தப் பட்டனை வைத்த கம்பெனிக்கு யாராவது கடிதம் எழுதினார்களா என்று விசாரித்தேன். அவர்களுக்கு அடுத்த வருஷத்து ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது.

மேஜையை ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஜெராக்ஸ் கடை ஓரமாகப் போட்டுக்கொண்டேன். தப்பு நான் செய்தது. ரத்து பண்ணியதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தை அடித்தவன் என் பெயரையே தப்பாக அடித்திருந்தான்.

செப்டம்பரில் ஷீலா அம்சாவோடு வந்தாள், உத்தரவின் நகல் வாங்க. அம்சாவின் பள்ளிக்கூடத்தில் ஒரு காப்பி கொடுக்க வேண்டுமாம், அப்பன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடாமல் இருக்க. ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தவள் என்னைப் பார்த்தாள். மணிக்கட்டில் கட்டு இல்லை.

"இங்க வந்துட்டியா?" என்றாள்.

"வந்துட்டேன். நீ எப்படி இருக்க?"

"வூட்ல கீறோம். அம்மாவோட சேந்து குவார்ட்டர்ஸுக்குப் போறேன். நாலு வூட்ல சமையலுக்கும் கேட்டுகீறாங்க."

"அவன்?"

"கோவளத்துல அவன் அக்கா வூட்ல கீறான். கடையப் பூட்டி வெச்சிகீறான். ஊர்ல எல்லாரும் போயி என் பாஸ்வேர்ட குடு, என் பாஸ்வேர்ட மாத்துன்னு ஒரே பேஜாரு பண்ணிட்டாங்க. கோர்ட்ல நோட்டு கீதுன்னு சொன்னான் இல்ல, அது பரவிச்சி." அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. "அன்னிக்கி அவனோட சேந்து சிரிச்சாங்களே, அவங்கதான் மொதல்ல போய் நின்னாங்க."

நான் கொஞ்ச நேரம் காகிதங்களை அடுக்கினேன். பிறகு, "அன்னிக்கி நான் கேட்டிருக்கணும் ஷீலா" என்றேன்.

"ஆமா, கேட்டிருக்கணும்."

"தப்புதான்."

"தப்புதான்" என்றாள் அவளும். "உன் மேல எனக்குக் கோவம் கீதும்மா. நீ எழுதிக் குட்த்த, அட்டை போச்சி, எல்லாம் தெரியும். இருந்தாலும் கோவம் கீது. அவன் அத்தப் படிக்கறப்போ என் பொண்ணு நின்னு கேட்டுகினு இருந்தா. கோவம் போவும்போது போவும்."

"சரி" என்றேன்.

ஜெராக்ஸ்காரர் நகல்களைக் கொடுத்தார். அவள் ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, சீல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள். திருக்கழுக்குன்றம் பஸ் வந்தது. அம்சாவை முதலில் ஏற்றிவிட்டு ஏறினாள். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தும் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரிந்திருக்காது.